செம்பை விடாத தலைப்பிரட்டை

அத்தியாயம் 9

“இதுக்குத்தானா அக்கா, டேக்சி ஸ்டாண்டுல ஏறி உட்கார்ந்த ரெண்டு பேரை இறக்கிவிட்டுட்டு ஓடிவரச் சொன்னே? தவளைக்குஞ்சு லா இது!”

சன்னாசி கண்ணாடிப் புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டினான். உள்ளே, ஃபார்மலினில், கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு கறுப்புத் துண்டு மெல்லச் சுழன்றது.

நவமணி புட்டியை வாங்கினாள். உள்ளிருந்ததைச் சின்னத் தட்டில் கவிழ்த்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்தில் ஆள் அரவம் இல்லை. ஈப்போவில் அந்தப் பெண்கள் பள்ளியின் உயிரியல் கூடத்தில் பதினான்கு வருஷமாக அவள் உதவியாள். பரீட்சைக்குத் தவளை பிடித்து வருவதும், மாணவிகள் படம் வரையத் தலைப்பிரட்டை வளர்ப்பதும் அவள் வேலை. டீச்சர்மார் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தலைப்பிரட்டையைப் புரட்டிப் போட்டு, அது எந்தத் தவளையாக வளரும் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை.

“கண்ணை வச்சுப் பாரு.”

சன்னாசி குனிந்தான். “ஐயோ, வாய் வயித்துல இருக்கு!”

“வாய்க்குப் பின்னால பாரு. வட்டமா, குழியா என்ன இருக்கு?”

“கிண்ணம் மாதிரி. சுவத்துல ஒட்டுற ரப்பர் கொக்கி இருக்குமே, அது மாதிரி.”

“அதேதான். வேகமா ஓடுற மலையாத்துல இருக்குற தவளையோட குஞ்சு இது. தண்ணி அடிச்சுக்கிட்டுப் போகாம இருக்க, அந்தக் கிண்ணத்தால பாறையில ஒட்டிக்கிடும். பல்லும் பாரு. மேல ஏழெட்டு வரிசை. பாறைப் பாசியைச் சுரண்டித் தின்ன அத்தனை பல்லு. வயித்துல கிண்ணம் வச்ச குஞ்சு நம்ம பக்கத்துல வேற கிடையாது.”

“சரி, வாழ்த்து சொல்லிடு. இதை எங்க பிடிச்சே?”

“உன் மச்சானோட பதினாறாம் நாள் செம்புல.”

சன்னாசி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தான்.

நவமணியின் கணவன் சீனி செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. லோரி டிரைவர். பூசிங் பக்கம், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டை ஒன்றில் குப்புற மிதந்தான். சட்டையெல்லாம் சாராய வாடை. நெற்றியில் ஒரு வெட்டு. ‘குடித்துவிட்டுத் தடுக்கி விழுந்திருக்கிறான், கல்லில் அடிபட்டிருக்கிறது’ என்று போலீஸ் சார்ஜன் பத்துமலை ஒரே பக்கத்தில் எழுதிக் கோப்பை மூடிவிட்டார். சீனி குடிக்காதவன் இல்லை. ஆனால் குடித்தால் பாடுவான், பாடினால் தூங்குவான். குட்டைப் பக்கம் நடக்கிறவன் இல்லை.

எரித்துவிட்டு வந்த அன்றே நவமணி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அமிலம் வைக்கும் அலமாரியைத் திறந்து, கண்ணாடி மூடி போட்ட சின்னப் புட்டி ஒன்றில் கந்தக அமிலத்தை நிரப்பிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. யார் முகத்துக்கு என்பதுதான் அவளுக்கே தெரிய வேண்டியிருந்தது.

“வியாழக்கிழமை சடங்கு முடிஞ்சு, செம்புத் தண்ணியை முருங்கை மரத்தடியில ஊத்துனேன்,” என்றாள். “தண்ணி எல்லாம் போயிருச்சு. இது மட்டும் உள்பக்கம் ஒட்டிக்கிட்டு விழவே மாட்டேங்குது. கவுத்துத் தட்டினேன், அப்பவும் விழலை. விரலை விட்டுப் பேத்து எடுத்தேன். தண்ணி எடுத்தது நீ. எங்க எடுத்தே?”

வெளியிடத்தில், தண்ணீரில் செத்தவன் தானாக வீடு வந்து சேரமாட்டான் என்பது அவர்கள் குடும்பங்களில் வழக்கம். செத்த இடத்துக்கே போய், பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டு, அந்தத் தண்ணீரைச் செம்பில் மொண்டு, கீழே வைக்காமல், வழியில் யாரோடும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பதினாறாம் நாள் அந்தச் செம்புக்குத்தான் படையல்.

“குட்டையிலதான் எடுத்தேன். பதினொரு மைல்கட்டை தூரம் வாயை மூடிக்கிட்டு வரணும்னாங்க. எனக்கே கருமாதி பண்ணின மாதிரி இருந்துச்சு.”

“சத்தியமா?”

“மச்சான் மேல சத்தியமா.”

நவமணி கொக்கியில் மாட்டியிருந்த தேயிலை வடிகட்டியையும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டையும் எடுத்துக்கொண்டாள்.

“வா, போலாம்.”

* * *

குட்டைத் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தது. அசைவே இல்லை. கரையெல்லாம் வெள்ளை மணல், காய்ந்த லாலான் புல். நவமணி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இந்த இடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. சீனியை எந்த மூலையில் இழுத்துப் போட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை, சன்னாசியும் காட்டவில்லை.

அரைமணி நேரம் வடிகட்டியால் அரித்தாள். பீங்கான் தட்டில் மூன்று விதம் சேர்ந்தது.

“கறுப்பா, கூட்டமா இருக்குறது தேரைக்குஞ்சு. மேல ரெண்டு வரிசைப் பல்லு, கீழ மூணு. இந்தா, கண்ணாடி மாதிரி குடல் தெரியுதே, இதுக்குப் பல்லே கிடையாது. வாய் முன்னால நுனியில இருக்கு. தண்ணியில மிதக்குற தூசியை உறிஞ்சியே வளரும். வால்ல புள்ளி இருக்குறது பச்சைத் தவளையோடது. மூணும் சும்மா கிடக்குற தண்ணியில வளர்றது. எதுக்கும் வயித்துல கிண்ணம் கிடையாது.”

“அக்கா, நம்ம ஊர்ல மனுசனுக்கே இத்தனை அடையாள அட்டை இல்லை.”

“அந்த ஒட்டுறது இந்தச் சூட்டுல அரைநாள் தாங்காது. அதுக்குச் சில்லுன்னு நுரைச்சு ஓடுற தண்ணி வேணும்.” அவள் நிமிர்ந்தாள். “நீ மொண்டது இந்தத் தண்ணி. வீட்டுக்கு வந்தது மலையாத்துத் தண்ணி. நடுவுல யாரோ மாத்தியிருக்கான். எதுக்கு மாத்தணும்?”

சன்னாசி டேக்சிச் சாவியை விரலில் சுற்றினான்.

“பொணம் கிடந்தது இங்கன்னு ஊருக்கே தெரியும். உசுரு போனது வேற எடம்னு ஒருத்தனுக்குத்தான் தெரியும். தப்பான தண்ணி வந்துச்சுன்னா செத்தவன் வீட்டுக்குப் போகமாட்டான், தன்னைத் தேடித்தான் வருவான்னு அவனுக்குப் பயம். சொல்லு சன்னாசி. செம்பு உன் கையை விட்டுப் போச்சா இல்லையா?”

தம்பிக்காரன் தலையைச் சொறிந்தான். கரையில் உட்கார்ந்தான். எழுந்தான்.

“திட்டமாட்டேன்னு சொல்லு.”

“திட்டுவேன். சொல்லு.”

“லஹாட் ரோட்டுல டயர் பஞ்சர் அக்கா. செம்பைக் கீழ வைக்கக்கூடாது. ஒரு கையில செம்பு, ஒரு கையில ஜாக்கி, வாய் பேசக்கூடாது. ரோட்டுல போறவன்லாம் வேண்டுதலான்னு கேக்குறான். அப்பத்தான் முத்துராமன் தவ்கே லோரி வந்துச்சு. செம்பை நாங்க கொண்டுபோறோம், நீ பின்னால வான்னாரு. குடுத்துட்டேன். சடங்கு கெட்டுப்போச்சுன்னு நீ அழுவேன்னு சொல்லலை. உன் தெரு முனையில மறுபடி வாங்கிக்கிட்டேன்.”

முத்துராமன்.

நவமணியின் கை தானாகக் கைப்பைக்குப் போனது. சீனி ஓட்டியது தவ்கே முத்துராமனின் லோரியைத்தான். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் முதலாளியோடு பெரிய சண்டை என்று வீட்டுக்கு வந்து சொன்னான். சாவுக்கு வந்த முத்துராமன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார். பிணத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதன்பிறகு ராத்திரிச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவள் நினைத்தது அந்தக் கேட்டைத்தான்.

“மெங்லெம்புல அவரு கொட்டகைக்கு விடு,” என்றாள்.

* * *

முத்துராமன் லோரிக் கொட்டகையில் இருந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்ச மாலை, வெறுங்கால். தைப்பூசத்துக்கு இன்னும் நாலு நாள். இவர்களைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

“அங்கேயே நில்லும்மா. கோவிச்சுக்காதே. காவடிக்கு மாலை போட்டிருக்கேன். தீட்டு ஆகாது.”

“தீட்டா?” நவமணி நடந்துகொண்டே இருந்தாள். “செம்பைத் தொட்டப்போ எங்க போச்சு தவ்கே தீட்டு?”

“எந்தச் செம்பு?”

“வியாழக்கிழமை லஹாட் ரோட்டுல, என் தம்பி கையில இருந்து வாங்குனது. உள்ள இருந்த தண்ணியை எங்க கொட்டுனீங்க?”

பைக்குள் அவள் விரல்கள் கண்ணாடி மூடியைத் திருகிக்கொண்டிருந்தன. மூடி தளர்ந்தது. இன்னும் நான்கடி. முகம் பெரிய முகம். தவறாது.

“அடக் கடவுளே!” என்றார் முத்துராமன். “அதைத் தொட்டா என் விரதம் என்னாகும்? நான்தான் லோரி ஓட்டுனேன். செம்பை உள்ளயே ஏத்த விடலை. ஐயாவுவைத்தான் வாங்கிக்கிட்டுப் பின்னால மரத்து மேல உட்காரச் சொன்னேன். சாவு வீட்டுக்கும் அதனாலதான் உள்ள வரலை. வெளிய நின்னது எனக்கு எவ்வளவு வேதனைன்னு உனக்குத் தெரியுமா?”

நவமணி நின்றாள்.

ஐயாவு. சீனியின் லோரியில் ஏழு வருஷமாக ஏற்றி இறக்கும் உதவியாள். பாடை தூக்கியவன். அவள் பட்டினி கிடந்த மூன்று நாளும் வாசலில் கஞ்சிச் சட்டியோடு நின்று, “ஒரு வாய் குடிங்க அண்ணி” என்று அழுதவன்.

“பின்னால அவன் மட்டுமா?” சன்னாசிதான் கேட்டான். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

“அவன் மட்டும்தான். அவனும் அவனோட அகலவாய்த் தெர்மாசும். அன்னைக்குக் காலையில மேல மரம் ஏத்தப் போனோம். ஆத்துக்குள்ள இறங்கி, பாறையை ஒட்டி வச்சு அந்தத் தெர்மாஸ் நிறையத் தண்ணி புடிச்சான். வழியில தாகமா இருக்கு, ஒரு வாய் குடுடான்னு கேட்டேன். இல்லை தவ்கேன்னு கட்டிப்புடிச்சுக்கிட்டான். சரி, பைத்தியம் புடிச்சிருச்சுன்னு விட்டுட்டேன்.”

தெர்மாஸ். சில்லென்று, நாலு மணி நேரம் சூடு ஏறாத தண்ணீர். நவமணி மனதில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமர்ந்தது. செம்பு வீட்டுக்கு வந்த பிறகு எப்படியாவது மாற்றிவிடலாம் என்றுதான் பிடித்திருக்கிறான்; பஞ்சர் அவன் வேலையைச் சுலபமாக்கிவிட்டது.

“சீனி உங்ககூட எதுக்குச் சண்டை போட்டாரு?”

“மேல காட்டு மரம் களவு போகுது, நம்ம லோரியிலேயே போகுதுன்னான். நான் நம்பலை. அதுக்குத்தான் கத்துனான். புதன்கிழமை ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போறேன்னான். போடா, யாருடா களவாணின்னேன். பேரு சொல்லலை.” முத்துராமன் மாலையைப் பிடித்துக்கொண்டார். “களவாண்டவன் புள்ளைகுட்டிக்காரன், முதல்ல நானே அவன்கிட்ட பேசிப் பாக்குறேன்னான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொணமாக் கிடந்தான்.”

டேக்சி ஈப்போ பக்கம் திரும்பியது. நாலாவது மைல்கட்டையில் சன்னாசி மூக்கை உறிஞ்சினான்.

“அக்கா, என்னமோ தீயுது.”

“தீயலை. ஓட்டு.”

“அக்கா, உன் பை! பை ஓட்டையாகுது!”

சாலை ஓரத்தில் நிறுத்தி அவள் கையைப் பிடித்து இழுத்து இறக்கினான். பையின் அடித்துணி கறுத்துக் கரைந்து, மூடி சரியாகச் சேராத புட்டி சாக்கடையில் விழுந்து புகைந்தது. குடிக்க வைத்திருந்த ஒரு போத்தல் தண்ணீரையும் அவள் விரல்களில் ஊற்றினான். இரண்டு விரல் நுனி வெள்ளையாக வெந்திருந்தது.

“இதைத்தான் பையில வச்சுக்கிட்டுச் சுத்துனியா?” காலிப் போத்தலைச் சாக்கடையில் எறிந்தான். “அந்தாளு தொடலைன்னு சொல்றதுக்கு ரெண்டு நிமிசம் லேட்டாகியிருந்தா?”

நவமணி சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு குற்றமும் செய்யாத ஆளின் பெரிய முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

“இனிமே அது வேண்டாம்,” என்றாள். “ஐயாவுவுக்கு அது பத்தாது.”

* * *

சார்ஜன் பத்துமலை தலைப்பிரட்டையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“இதைக் கோர்ட்டுல காட்டச் சொல்றியா? சத்தியம் பண்ணச் சொன்னா எந்தக் கையைத் தூக்கும்?”

“கோர்ட்டுக்கு இது வேண்டாம் சார்ஜன். நாளன்னைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் என்கூட வாங்க. அவனே உங்களை இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவான். போகலைன்னா நான் வாயை மூடிக்கிறேன்.”

மறுநாள் ஞாயிறு. குனோங் ராப்பாட்டில் ஐயாவுவின் பலகை வீட்டுக்கு நவமணி தனியாகப் போனாள். பட்டப்பகலில் வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ராவும் பகலும் லைட்டை அணைக்க விடமாட்டேங்குறாரு அக்கா,” என்றாள் அவன் மனைவி இருளாயி. “அண்ணன் போனதுல இருந்து இப்படித்தான். தூக்கமே இல்லை.”

ஐயாவு உள்ளேயிருந்து வந்தான். கண் குழிந்திருந்தது. கையில் புதுசாக ஒரு கறுப்புக் கயிறு.

“வாங்க அண்ணி. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

அவன் கொடுத்த காப்பியை அவள் வாங்கிக் குடித்தாள்.  

“தம்பி, சடங்கு பண்ணின பண்டாரம் ஒரு குறை சொல்றாரு. உங்க அண்ணன் இன்னும் வீடு வந்து சேரலையாம்.”

அவன் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தான். “வந்திருப்பாரே அண்ணி. அதான் எல்லாம் செஞ்சோமே.”

“வழியில செம்பு கை மாறிப்போச்சாம், சன்னாசி சொல்லிட்டான். கூப்பிட்டவன் ஒருத்தன், கொண்டுவந்தவன் ஒருத்தன். அதனால அவரு செத்த இடத்துலேயே கால் நனைய நிக்குறாராம். தைப்பூசத்துக்கு முன்னால ஒரே ஆளு போய்க் கூப்பிட்டு, அதே ஆளு கொண்டாந்துடணும். இல்லைன்னா…” அவள் நிறுத்தினாள்.

“இல்லைன்னா?”

“கூட இருந்தவங்களைத் தேடிக்கிட்டு வருவாராம்.”

இருளாயி தாலியைத் தொட்டுக்கொண்டாள். ஐயாவு விளக்கைப் பார்த்தான்.

“என் தம்பியை நம்ப முடியாது. வாய் நிக்காது,” என்றாள் நவமணி. பித்தளைச் செம்பை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். “உன்னைவிட அவருக்கு யாரு இருக்கா? நாளைக்குக் காலையில நீயே போய்ட்டு வாரியா?”

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்தில்.

* * *

திங்கட்கிழமை காலை ஏழரை. சன்னாசியின் டேக்சி, ஐயாவுவின் மோட்டார் சைக்கிளுக்கு இருநூறு அடி பின்னால் போனது. பின் சீட்டில் சாதா உடுப்பில் சார்ஜன் பத்துமலை கொட்டாவி விட்டார்.

“சார்ஜன், மீட்டர் போடட்டுமா? அரசாங்கக் கணக்கா, சொந்தக் கணக்கா?”

“ரோட்டைப் பாத்து ஓட்டு லா.”

சிம்பாங் பூலாய் சந்திப்பு வந்தது. வலது பக்கம் போனால் குட்டை. நவமணி முன் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் வேகம் குறைந்தது. செம்பைத் துண்டால் வயிற்றோடு கட்டிக்கொண்டிருந்த ஐயாவு ஒரு முறை திரும்பி அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு இடது பக்கம், மலையை நோக்கி வளைத்தான்.

சார்ஜனின் கொட்டாவி பாதியில் நின்றது.

“குட்டை அந்தப் பக்கமில்ல?” என்றார்.

“ஆமா சார்ஜன்,” என்றான் சன்னாசி. “உங்க கோப்பு அந்தப் பக்கம் இருக்கு. மச்சான் இந்தப் பக்கம் இருக்காரு.”

சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போயின. தார் முடிந்து செம்மண் ஏறியது. மரலோரித் தடத்தின் முடிவில் மோட்டார் மட்டும் சாய்ந்து நின்றது. மூன்று பேரும் இறங்கி நடந்தார்கள். ஆற்றுச் சத்தம் காலடிச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. வழியில் ஓரிடத்தில் நவமணி குனிந்து, தண்ணீர் நுரைத்து இறங்கும் பாறையின் பக்கவாட்டில் உள்ளங்கையைத் தடவினாள். வழவழவென்று ஐந்தாறு கையில் இடறின. ஒன்றைக் கிள்ளி எடுத்துப் புரட்டி சார்ஜனிடம் காட்டினாள். வயிற்றில் வட்டக் கிண்ணம். அவர் அந்தக் கிண்ணத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நாற்பதடி மேலே, தட்டையான ஒரு பாறையருகே ஐயாவு முழங்கால் தண்ணீரில் நின்றான். கை கூப்பியிருந்தான். மூவரும் பாறை மறைவில் அவனை நெருங்கினார்கள்.

“சீனியண்ணே, வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

தண்ணீர் மொண்டான். கீழே ஊற்றினான்.

“சீனியண்ணே, வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

மூன்றாவது முறை குரல் உடைந்தது. “அண்ணே, தெரியாம அடிச்சுட்டேன் அண்ணே. நீங்க புதன்கிழமை போயிருவீங்கன்னு பயந்துட்டேன். வாங்க அண்ணே, அண்ணி காத்துக்கிட்டு இருக்காங்க.”

“காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றாள் நவமணி.

அவன் ஓடவில்லை. ஓடத் தோன்றவில்லை. நிறைந்த செம்பைக் கீழே வைக்கக் கூடாது என்பதுதான் அந்த நேரத்திலும் அவனுக்கு நினைவு. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். சார்ஜன் தண்ணீரில் இறங்கித் தோளைப் பிடித்தார். எதனால் அடித்தாய் என்று கேட்டார். ஐயாவு தாடையால் காட்டினான். எதிர்க்கரையில் மரவேருக்கு அடியில் சன்னாசி தோண்டியபோது லோரியின் ஜாக்கிக் கம்பி வந்தது. அதோடு சுற்றி வைத்திருந்த சீனியின் கோடுபோட்ட துண்டும் வந்தது. அடித்தது, லோரியில் போட்டுக் கொண்டுபோனது, சட்டையில் சாராயம் ஊற்றியது, எல்லாவற்றையும் அவனே சொன்னான். நவமணி துண்டை வாங்கிக்கொண்டாள். முகர்ந்து பார்த்தாள். மண் வாடைதான் வந்தது.

கையில் விலங்கு போட, செம்பை வாங்கியாக வேண்டும். ஐயாவு அதை சார்ஜனிடம் கொடுக்கவில்லை. நவமணியை நோக்கி நீட்டினான்.

“அண்ணி, என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. இதை மட்டும் வீட்டுல கொண்டுபோய் ஊத்திடுங்க. மூணு தடவை கூப்பிட்டுட்டேன். அண்ணன் இதுல ஏறியிருப்பாரு. கீழ வச்சுராதீங்க அண்ணி. உங்க கால்ல விழுறேன்.”

அவள் செம்பை வாங்கிக்கொண்டாள். அவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல், மெல்ல, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை ஆற்றில் கவிழ்த்தாள்.

ஐயாவு போட்ட சத்தத்தில் சார்ஜனே கையை விட்டுவிட்டார்.

“இங்கேயே நிக்கட்டும்,” என்றாள் நவமணி. “நீ போற எடமெல்லாம் வருவாரு. ஜெயில்ல ராத்திரியில லைட்டை அணைச்சிருவாங்க ஐயாவு.”

அவனை இரண்டு பக்கமும் தாங்கித்தான் தடம் வரை கொண்டுவர வேண்டியிருந்தது. ஓரத்தில் உட்கார வைத்து, சார்ஜன் லோரிக்காரன் ஒருவனைப் பிடித்து ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினார். சன்னாசி டேக்சிக் கதவைத் திறந்துகொண்டு நின்றான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் கண் கலங்கியிருந்தது.

“அக்கா, அவன் சாகட்டும். ஆனா மச்சான்? அவன்மேல இருக்குற கோவத்துல மச்சானை இந்தக் காட்டுல விட்டுட்டு வந்துட்டியே?”

நவமணி துண்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வியாழக்கிழமையே நம்ம வீட்டுக்கு வந்துட்டாருடா. பண்டாரம் குறை சொன்னாருன்னது நான் கட்டுன கதை. அவன் தெர்மாசுல கொண்டுவந்தது இந்த ஆத்துத் தண்ணிதானே? நான்தானே என் கையால முருங்கை மரத்தடியில ஊத்துனேன்?”

சன்னாசி கதவிலிருந்து கையை எடுத்தான். சார்ஜனின் காலடியில் தலையைக் கையால் மூடிக்கொண்டு கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தான்.

“அது அவனுக்குத் தெரியாதா?”

“யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.” அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். “நான் சொல்லப்போறதில்லை. நீயும் சொல்லாதே.”